வாயில்வரை வந்த ஒளியிழை: மதுரைச் சமவெளியின் ஆய்வுத் தரவும் பல்கலைக்கழக வளாக வலையமைப்பும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வளாக வலையமைப்புகள் பெரும்பாலும் அலுவலகக் கடிதம், தேர்வு முடிவு, நூலகப் பட்டியல், இணையப் பக்கம் ஆகியவற்றைக் கொண்டுசெல்வதற்காகக் கட்டப்பட்டவை. துறைதோறும் ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து மேசைதோறும் ஒரு கம்பி, பின்னர் ஆங்காங்கே வைஃபை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்த அந்த அமைப்பு, தொடங்கிய நோக்கத்துக்கு இன்றும் ஓரளவு போதுமானதே. மாறியிருப்பது ஆய்வின் தன்மை. கருவி ஒன்று ஒரே இரவில் உமிழும் தரவை ஓர் ஊரில் சேமித்து, வேறோர் ஊரிலுள்ள கணினியில் அலசி, மூன்றாவது ஊரிலுள்ள சக ஆய்வாளருடன் பகிர்ந்தாலொழிய முடிவு எட்டாத ஆய்வே 'தரவு செறிந்த ஆய்வு' எனப்படுகிறது. இவ்வகை ஆய்வுக்கு வளாகத்தை ஆயத்தப்படுத்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், வெளியிலிருந்து கூடுதல் 'பேண்ட்வித்', அதாவது ஒரு வினாடியில் கடத்தக்கூடிய பிட்டுகளின் அளவு, வாங்குவதே தீர்வாக முன்வைக்கப்படுகிறது. தடை பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே இல்லை. ஆய்வகக் கருவிக்கும் வளாக வாயிலுக்கும் இடைப்பட்ட சில நூறு மீட்டரிலும், அந்தத் தொலைவைப் பேணும் ஆட்கள் இல்லாமையிலுமே அது இருக்கிறது என்பதே இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து.

மதுரையைச் சுற்றியுள்ள நிலப்பரப்பில் இத்தகைய தரவு எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் காண வேண்டும். கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த மண்டையோடுகளின் முப்பரிமாண ஸ்கேன்களைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபேஸ் லேப் உருவாக்கிய இரண்டு ஆண்களின் முகங்கள் 2025இல் வெளிவந்தபோது, தமிழ் வாசகர்கள் அவற்றை வியந்து பார்த்தனர். அம்முயற்சியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர்கள் உடன்பணியாற்றினர். மண்டையோட்டு ஸ்கேன் ஒன்று பொதுவாகச் சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்குவதால், அதை எந்தச் சாதாரண இணைப்பிலும் அனுப்பிவிடலாம். அதே எலும்பிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துப் படிக்கத் தொடங்கும்போது கணக்கு முற்றிலும் வேறாகிறது. மனித மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. பிழையைக் களைவதற்காக ஒவ்வோர் எழுத்தும் முப்பது முறை படிக்கப்பட்டால், சுருக்கிவைத்த நிலையிலும் ஓர் ஆளின் மூலத்தரவு 100 ஜிகாபைட்டை நெருங்கும். வெப்பம் மிகுந்த மண்ணில் நெடுங்காலம் கிடந்த எலும்பில் மனித டிஎன்ஏ மிகச் சிறிதளவே எஞ்சியிருக்க, மற்றதெல்லாம் மண்ணின் நுண்ணுயிர்களுடையதாக இருப்பதால், அந்தச் சிறிதளவைப் பெறுவதற்கே மிகப் பெருமளவு படித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. வைகைக் கரை மனிதரைப் பற்றிய ஆய்வு, தன் இயல்பிலேயே தரவு மிகுந்த ஆய்வாக அமைந்துவிடுகிறது.

இது ஒரு துறையோடு நிற்பதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழக வளாகமான பல்கலை நகர் அமைந்துள்ள அதே தேனிச் சாலையில், வடபழஞ்சியை மையமாகக் கொண்டு உயர் ஆற்றல் இயற்பியலுக்கான நிறுவனங்களிடை மையம் திட்டமிடப்பட்டது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்குள் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகம் மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் எழும்பாமல் நின்றுபோனது. எனினும் அதன் 85 டன் எடையுள்ள முன்மாதிரியான மினி ஐகால் காணி, அதாவது துகள்களைக் கண்டறியும் கருவி, மதுரையில் 2018இல் இயங்கத் தொடங்கியது. வானிலிருந்து இறங்கும் மியூவான் துகள் ஒவ்வொன்றும் அதன் இரும்புத் தகடுகளைக் கடக்கும்போது மின்குறிப்புகளாகப் பதிவாகிறது. முழு அளவிலான காணிக்குத் திட்டமிடப்பட்டவை சுமார் 30,000 உணரிகளும் ஏறத்தாழ 37 லட்சம் மின்னணு வாய்க்கால்களும் என்பதை நினைத்தால், துகள் இயற்பியலில் தரவு எந்த அளவுக்குப் பெருகும் என்பது விளங்கும். வடமேற்கே மலைமீது, 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் நூறாண்டுக்கும் மேலாக எடுத்துவந்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் எண்மமாக்கப்பட்டுள்ளன. 4096 புள்ளிக்கு 4096 புள்ளி, புள்ளிக்கு 16 பிட் என்னும் அளவில் ஒரு படம் மட்டும் 33 மெகாபைட்டைக் கடக்கிறது. 1976இல் பதினொரு படுக்கைகளுடன் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் விழித்திரைப் படங்களும், நீரிழிவால் கண் கெடுவதைக் கணினி தானே கண்டறியும் வழிமுறையை உருவாக்கப் பயன்பட்ட 1,28,175 படங்களின் தொகுப்பில் இடம்பெற்றன. அந்த ஆய்வு 2016இல் வெளியானது. நிலம், உடல், வானம் மூன்றும் தரவாக மாறும் ஒரு வட்டாரத்தின் நடுவில் மதுரையின் பல்கலைக்கழகம் அமர்ந்திருக்கிறது.

பிறந்த தரவு பிறந்த இடத்திலேயே இருந்துவிட முடிவதில்லை. 2022இல் ஃபரீதாபாத்தில் திறக்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையம் நான்கு பெட்டாபைட் கொள்ளளவுடன் தொடங்கியது. ஒரு பெட்டாபைட் என்பது ஆயிரம் டெராபைட். பொதுப்பணத்தில் நடக்கும் உயிரியல் ஆய்வுகளின் தரவு சென்று சேர வேண்டிய களஞ்சியம் அது. பெருங்கணக்கீட்டுக்கு அண்மையிலுள்ள இடங்களுள் ஒன்று, அதே 2022இல் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட, 838 டெராஃப்ளாப் திறனுடைய 'பரம் பொருள்' மீக்கணினி. ஒரு டெராபைட் தரவை வினாடிக்கு 100 மெகாபிட் பாதையில் அனுப்பினால் 22 மணி நேரமும், ஒரு ஜிகாபிட் பாதையில் இரண்டேகால் மணி நேரமும், பத்து ஜிகாபிட் பாதையில் சுமார் 13 நிமிடமும் ஆகும். முதல் நிலையில் ஆய்வாளர் ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தேறுவதே மேல் என்று முடிவுசெய்வார். மூன்றாவது நிலையில், கணக்கீட்டை ஒருமுறை பிழையாக ஓட்டினாலும் அன்றே திருத்தி மறுபடி ஓட்டலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு வசதி பற்றியதன்று; எந்தக் கேள்வியை எழுப்பத் துணிவது என்பதையே அது தீர்மானிக்கிறது.

வெளிப்பாதை வந்த வரலாறு குறைசொல்லத் தக்கதன்று. 1986இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் மின்னணுவியல் துறை தொடங்கிய எர்நெட், ஐந்து ஐஐடிகளையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தையும் முதலில் இணைத்தது. அதே காலத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறை உருவாக்கிய தகவல் வலையமைப்பின் தொடக்ககால மையங்களுள் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமைந்தது; 1966இல் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு எழுந்த ஒரு பல்கலைக்கழகம், இருபது ஆண்டுகளில் கணினிவழி உயிரியலைக் கையிலெடுத்தது பெருமைக்குரிய செய்தி. பின்னர் 2002இல் யுஜிசி இன்ஃபோநெட் வந்தது. 2009இல் தொடங்கிய தேசியக் கல்வி இயக்கம் பல்கலைக்கழகங்களுக்கு வினாடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பு என்னும் இலக்கை வகுத்தது. 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய அறிவு வலையமைப்பு ஒப்புதல் பெற்றது. ஒளியிழை வளாக வாயில்வரை வந்தது. அதற்கப்பால் அது கடைமடைவரை பாய்ந்ததா என்பதைக் கேட்க எந்தத் திட்டத்திலும் தனித் தலைப்பு இருக்கவில்லை.

மரபணுக் கருவியிலிருந்து புறப்படும் ஒரு கோப்பு, இரண்டாயிரமாவது ஆண்டுகளில் கட்டப்பட்ட ஒரு வளாகத்தில் பொதுவாக எவ்வழியாகச் செல்கிறது என்பதைப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து புறப்படும் செப்புக் கம்பி மாடிப்படிக்கு அடியிலுள்ள ராக்கில் ஒரு பழைய ஸ்விட்சைச் சேர்கிறது; அதன் துளைகள் வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் தருவதில்லை. அங்கிருந்து கணினி மையம்வரை செல்லும் ஒளியிழை 'மல்டிமோட்' வகையாக, அதாவது ஒளி பல கோணங்களில் எதிரொளித்துச் செல்லும் 62.5 மைக்ரான் அகலத் தண்டு கொண்டதாக இருந்தால், அது ஒரு ஜிகாபிட்டை இருநூறு மீட்டருக்கு மேலும் கொண்டுசெல்லும். ஆனால் பத்து ஜிகாபிட்டுக்கு ஏற்றியவுடன் அதே இழையின் எல்லை ஏறத்தாழ 33 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஒளி ஒரே வழியில் செல்லும் ஒன்பது மைக்ரான் தண்டு கொண்ட 'சிங்கிள்மோட்' இழையோ, பத்து கிலோமீட்டருக்கும் அதைத் தளர்வின்றிக் கொண்டுசெல்கிறது. கட்டடங்களுக்கிடையே சிங்கிள்மோட் அல்லாத வேறொன்றைப் பதிப்பது இனி பணத்தை மண்ணில் புதைப்பதே ஆகும்.

இழையை மாற்றிய பின்னும் ஒரு நுட்பமான தடை எஞ்சுகிறது. அதை விளக்கவே சற்று நேரம் செலவிட வேண்டும். இணையத்தில் கோப்புகள் 'பாக்கெட்' எனப்படும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கின்றன; ஒவ்வொன்றும் சுமார் 1,500 பைட். பொட்டலங்களை வரிசை பிசகாமல் கொண்டுசேர்க்கும் 'டிசிபி' என்னும் நெறிமுறை, ஒரு பொட்டலம் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று கருதித் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, பிறகு, பொட்டலம் போய் ஒப்புகை திரும்பிவரும் ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாகவே வேகத்தைக் கூட்டுகிறது. சுற்று குறுகியதாக இருந்தால் மீட்சி கண நேரத்தில் நடந்துவிடும்; நெடியதாக இருந்தால் மீண்டு எழுவதற்குள் அடுத்த பொட்டலம் தொலைந்துவிடும். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பான ஈஎஸ்நெட்டின் பொறியாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதடைந்த ஓர் அட்டை 22,000 பொட்டலங்களில் ஒன்றை மட்டும் தவறவிட்ட நிகழ்வைப் பதிவுசெய்தனர். அந்தச் சிறு இழப்பை, இழப்பையும் சுற்றுநேரத்தையும் கொண்டு டிசிபியின் வேகத்தைக் கணிக்க 1997இல் மேத்திஸ் முதலியோர் வகுத்த சூத்திரத்தில் மதுரைக்குப் பொருத்திப் பார்க்கலாம். வளாகத்துக்குள், சுற்றுநேரம் ஒரு மில்லிவினாடி எனில், ஒரு ஜிகாபிட் பாதை முழுவதுமாக நிரம்பும். பழுது இருப்பதே யாருக்கும் தெரியாது. இங்கிலாந்துக்குச் சுற்றுநேரம் 150 மில்லிவினாடி எனக் கொண்டால், அதே ஒரு ஜிகாபிட் பாதையில் கோப்பு வினாடிக்கு 12 மெகாபிட்டைக்கூடத் தொடாது. ஒரு டெராபைட் போய்ச் சேர எட்டு நாள் ஆகும். புதிய டிசிபி வகைகள் இதை ஓரளவு தணிக்கின்றனவேயன்றி நீக்கிவிடுவதில்லை.

இதன் உட்பொருள் கவனிக்கத் தக்கது. வளாகத்துக்குள் சோதித்துப் பார்க்கும் பொறியாளருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இணைப்பு வழங்கிய நிறுவனமும் தன் எல்லைவரை முழு வேகம் இருப்பதை அளந்து காட்டும். தொலைவிலுள்ள கூட்டாளியுடன் பணிபுரியும் ஆய்வாளர் மட்டும் தன் கோப்பு நகராததைக் கண்டு, இந்திய இணையமே இப்படித்தான் என்று தீர்மானித்துவிடுவார். மூவரும் பொய் சொல்லவில்லை. பழுது இருக்கும் இடமும் அது உணரப்படும் இடமும் வெவ்வேறாக இருப்பதே சிக்கல். இதற்காகவே 'பெர்ஃப்சோனார்' என்னும் திறந்த மென்பொருள், வலையமைப்பின் பல புள்ளிகளில் சிறு அளவைக் கணினிகளை நிறுத்தி, அவற்றுக்கிடையே இழப்பையும் வேகத்தையும் இரவும் பகலும் ஓயாமல் அளந்து பதிவுசெய்கிறது. எந்த நாளில் எந்தக் கண்ணியில் இழப்பு தொடங்கியது என்பது அப்போது வாக்குவாதமாக நீடிக்காமல் வரைபடமாகத் தெரிகிறது.

ஈஎஸ்நெட்டின் அதே பொறியாளர்கள் 'சயன்ஸ் டிஎம்ஸெட்' என்னும் கட்டமைப்பையும் வகுத்தனர். வளாகத்தைக் காக்கும் 'ஃபயர்வால்' எனப்படும் தடுப்பரண், ஆயிரக்கணக்கான சிறு உரையாடல்களைச் சோதிப்பதற்கு ஏற்றது. ஒரே ஒரு பேரோட்டம் திடீரென்று வந்து மோதும்போது அதன் சிறு நினைவகம் நிரம்பி வழிந்து பொட்டலங்கள் சிந்துகின்றன. ஆகவே ஆய்வுத் தரவுக்கென்று வளாக வாயிலை ஒட்டியே தனிப் பாதை ஒன்றை அமைத்து, அதில் கோப்புப் பரிமாற்றத்துக்கு மட்டுமே பயன்படும் தனிக் கணினியை நிறுத்தி, எந்த நிறுவனம் எந்த வழியாக அதனுடன் பேசலாம் என்பதை ரவுட்டரிலேயே வரையறுத்துவிடுவதே இக்கட்டமைப்பின் சாரம். பாதுகாப்பைக் கைவிடும் ஏற்பாடு என்று இதை அஞ்சுவோர் உண்டு. மின்னஞ்சலும் இணைய உலாவலும் இல்லாத, பெயர் தெரிந்த சில தொலைக்கணினிகளோடு மட்டும் பேசும் ஒரு கணினியைக் காப்பது, ஆயிரம் மாணவர் மடிக்கணினிகளைக் காப்பதைவிட எளிது என்பதை உணர்ந்தால் அந்த அச்சம் தணியும்.

இவ்வளவும் நடப்பதற்கு அடிப்படை மண்ணுக்கடியிலும் கூரைக்கடியிலும் இருக்கிறது. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மதுரைச் சமவெளியில் இடி மிகுதி. கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கம்பி இழுத்திருந்தால், அருகில் விழும் மின்னல் அதன்வழியே பாய்ந்து இரு முனையிலுமுள்ள ஸ்விட்சுகளைக் கருக்கிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாததால் அந்தக் கேடு அதற்கு இல்லை. ஆனால் அதற்கு வேறொரு நுண்மை உண்டு. அறுந்த இழையை இணைக்க வருபவர் நீலநிற உறையை உரித்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, வெட்டியில் வைத்து முனையைச் செங்குத்தாக வெட்டி, ஸ்பிளைசிங் இயந்திரத்தின் இரு பள்ளங்களில் கிடத்தி மூடியதும், திரையில் இரண்டு கண்ணாடித் தண்டுகள் ஒன்றையொன்று நெருங்குவது தெரியும். ஒரு மின்பொறியில் அவை உருகி ஒன்றாகின்றன. இழப்பு 0.1 டெசிபலுக்குள் இருந்தால் சுருங்கும் குழல் ஒன்றை மேலே ஏற்றிச் சூடாக்கி முடிப்பார். மிகுந்தால் வெட்டிவிட்டு மறுபடி தொடங்குவார். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான்; ஒளி செல்லும் தண்டோ ஒன்பது மைக்ரான். பலகையில் இணைப்பியைச் செருகும்போது துடைக்காமல் விட்ட ஒரு தூசு, மேலே சொன்ன 22,000இல் ஒன்று என்னும் இழப்பை உண்டாக்கப் போதுமானது. செம்மண் புழுதி பறக்கும் வளாகத்தில் அந்தத் துடைப்பு ஒரு சடங்கன்று.

இவ்விடத்தில், இந்த வட்டாரமே உலகுக்குக் கற்பித்த பாடம் ஒன்று நினைவுகூரத் தக்கது. 2001இல் மேலூர் வட்டாரக் கிராமங்களில், சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையில் இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. வேகம் வினாடிக்கு 35 முதல் 70 கிலோபிட். அந்தக் குறுகிய பாதையிலும் கிராமத்தாரின் கண் படங்கள் அரவிந்த் மருத்துவர்களைச் சென்றடைந்தன. சில ஆண்டுகளில், பெர்க்லி கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு, தேனி அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கண்பார்வை மையங்களோடு நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தது. வீட்டு வைஃபை ஒப்புகைக்காகக் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோபுரத்திலிருந்து ஒப்புகை வருவதற்குள் அது பொட்டலம் தொலைந்ததாக முடிவுசெய்துவிடும். அக்குழு அந்த நெறிமுறையையே மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி செய்து, 2007இல் அதை வெளியிட்டது. அறிவியல் உலகம் கொண்டாடியது அந்தக் கட்டுரையைத்தான். எனினும் அதே குழு 2008இல் எழுதிய அடுத்த கட்டுரையே இங்கே மேலும் மதிக்கத் தக்கது. முன்னோட்டம் முடிந்த பின் வலையமைப்பை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று அது கேட்டது. கருவிகள் செயலிழந்ததற்கு ரேடியோ அலையைவிடத் தரம் கெட்ட மின்சாரமே முதற்காரணம் என்று கண்டது. மின்னழுத்தம் தாவியும் தாழ்ந்தும் அட்டைகளைக் கெடுத்தது; பழுது எங்கே என்று அறிய உள்ளூரில் பயிற்சி பெற்றவர் தேவைப்பட்டார். அதனால் அவர்கள் மின்காப்புக் கருவியை வடிவமைத்தார்கள். மருத்துவமனை ஊழியர்களுக்கும் உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் பழுது பார்க்கும் பொறுப்பைப் படிப்படியாகக் கைமாற்றினார்கள். பல்கலைக்கழகங்கள் ஸ்விட்சுக்குச் செலவிடும் தொகையை எண்ணிப் பார்க்கின்றனவே தவிர, அந்த ஸ்விட்ச் இருக்கும் மாடிப்படி அலமாரிக்கு யூபிஎஸ், நிலத்தொடர்பு, காற்றோட்டம் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை.

கற்பித்தலுக்கான தேவை இதிலிருந்து பிரிந்ததன்று, ஆயினும் சுருங்கச் சொல்லிவிடலாம். அறுபது மாணவர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரும் 500 மெகாபைட் பயிற்சித் தரவை ஒரே நேரத்தில் இறக்கினால், 100 மெகாபிட் பாதையில் நாற்பது நிமிடம் கழிந்துவிடும். ஒரு மணி நேர ஆய்வகப் பாடம் அத்துடன் முடிந்தது. பாதை ஒரு ஜிகாபிட்டாகவும் தரவு வளாகத்துக்குள்ளேயே ஒரு சேவைக்கணினியிலும் இருந்தால் அது நான்கு நிமிடம். இதனால்தான் மாணவர் விடுதி வைஃபையை வீண்செலவாகவும் நெரிசலின் காரணமாகவும் கருதும் மனப்பாங்கு வருந்தத்தக்கது. உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வீட்டில் கணினியே இல்லாமல் வரும் மாணவருக்குத் தரவு அறிவியலைத் தொட்டுப் பழக இரவு நேர விடுதி இணைப்பைத் தவிர வேறு இடமில்லை. தனிப் பாதை அமைப்பதன் நோக்கமும் அவர்களை விலக்குவதன்று. ஆய்வின் பேரோட்டமும் அவர்களின் சிற்றோட்டங்களும் ஒன்றையொன்று நசுக்காமல் இருப்பதே.

இனி ஆட்களும் பணமும். வலையமைப்புக்கான நிதி பெரும்பாலும் ஒருமுறை மானியமாக வருகிறது. அதில் கருவி வாங்கலாம், பணியிடம் உருவாக்க முடியாது. மிகக் குறைந்த விலை கூறியவருக்கே ஒப்பந்தம் என்னும் விதி, 22,000இல் ஒரு பொட்டலத்தைத் தவறவிடும் ஸ்விட்சையும் தவறவிடாத ஸ்விட்சையும் ஒன்றாகவே பார்க்கிறது. இழப்பு அளவு, நினைவகக் கொள்ளளவு, ஐந்தாண்டு உதிரிபாகம் ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளியின் தகுதி வரையறைக்குள்ளேயே எழுதிவிட்டால் இந்தக் குறை நீங்கும். ஆனால் அப்படி எழுதத் தெரிந்த வலையமைப்புப் பொறியாளர் வளாகத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வந்து, இழைகளின் வரைபடத்தைத் தன் நினைவில் மட்டும் வைத்திருந்து, வேறு வேலை கிடைத்ததும் போய்விடும் இளைஞரைக் குறைசொல்வதற்கில்லை. அவருக்கு அவ்வேலையை ஒரு வாழ்க்கைப்பணியாக அளிக்காத அமைப்பே பொறுப்பேற்க வேண்டும். மரபணுக் கருவியை இயக்குபவர் ஆய்வுக்குழுவின் உறுப்பினராக மதிக்கப்படுவதைப் போலவே, அக்கருவியின் தரவை வாயில்வரை இழப்பின்றிக் கொண்டுவருபவரும் மதிக்கப்பட வேண்டும். வெளியிடும் கட்டுரையில் அவர் பெயர் நன்றியுரையிலேனும் இடம்பெறுவது முறை.

தொடங்குவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. பல்கலை நகரில் வாயிலை ஒட்டி ஓர் அளவைக் கணினியும், உயிரியல் புலத்தில் ஒன்றும் நிறுத்தி, திருச்சியிலும் ஃபரீதாபாத்திலும் உள்ள மையங்களின் ஒத்துழைப்புடன் ஓராண்டு ஓயாமல் அளந்தால், எந்தக் கண்ணியில் எப்போது இழப்பு நேர்கிறது என்னும் பதிவு கிடைத்துவிடும். உயிரியல் புலத்திலிருந்து கணினி மையத்துக்கு நாற்பத்தெட்டு இழை கொண்ட சிங்கிள்மோட் கேபிளை உபரிக் குழாயுடன் பதிப்பது அடுத்த ஆண்டின் வேலை. வடபழஞ்சியை நோக்கி அதே சாலையில் நீட்டுவது அதற்கடுத்தது. இவை அனைத்துக்கும் முன்பாக, அந்த அளவைகளைத் தினமும் படித்து, தூசியைத் துடைத்து, வரைபடத்தைத் தாளில் பதிந்து வைக்கும் பொறியாளர் பணியிடத்துக்கான கோரிக்கை, கருவிக்கான கோரிக்கையோடு ஒரே கோப்பில் ஆட்சிமன்றக் குழுவின் முன் செல்ல வேண்டும்.